முதல் இரண்டு வரி

சந்திரலேகாவைப் பகைத்துக்கொண்டவர்கள் நிம்மதியாகத் தூங்கியதில்லை என்று அவள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் அடியோடு பொய்யுமில்லை.

ஆறாம் வகுப்பில் கமலம் என்று ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து இவள் கணக்கைக் காப்பியடித்து, இவளைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கிவிட்டாள். சந்திரலேகா டீச்சரிடம் போகவில்லை, அழவில்லை. அடுத்த பரீட்சை வரைக்கும் கமலத்தோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள். பரீட்சையன்று வேண்டுமென்றே ஐந்து கணக்குகளைத் தப்பாகப் போட்டு, கமலத்துக்குத் தெரிகிற மாதிரி தாளைச் சாய்த்து வைத்தாள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தன் தாளில் மட்டும் ஐந்தையும் அடித்துத் திருத்தினாள். கமலம் ஃபெயில். சந்திரலேகா வீட்டுக்கு வந்து அம்மா கொளஞ்சியம்மாளிடம் சொன்னாள். வேறு தாயாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பாள். கொளஞ்சியம்மாள் அன்றைக்கு மகளுக்கு ஒரு தோசை கூடுதலாக ஊற்றினாள். அந்தம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை.

அந்தச் சந்திரலேகாவுக்கு இப்போது முப்பத்தொரு வயது. கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் பழமலைநாதன் நடத்தும் சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். செராமிக் எஸ்டேட்டில் இருக்கும் மின்சூளைகளுக்கு இவர்கள் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை மாட்டிவிடுவார்கள். மணிக்கு எத்தனை டிகிரி சூடு ஏற வேண்டும், உச்சியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதியிருக்கும். சூளை அதைப் படித்து அதன்படி நடக்கும். முன்பெல்லாம் ஆள் நின்று துவாரம் வழியாகப் பார்த்துப் பார்த்துச் செய்ததை இப்போது நாற்பது வரி செய்கிறது. அந்த நாற்பது வரியின் முதல் வடிவத்தை எழுதியவள் சந்திரலேகா. சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரி.

கெட்டிக்காரிகளுக்கு ஒரு வியாதி உண்டு. கற்றதையெல்லாம் குறித்து வைப்பார்கள். ஐந்து வருடமாக அவள் ஒரு ஃபைலில் குறிப்பு எழுதி வந்தாள். மொத்தம் அறுபத்து மூன்று. கறுப்புத் திரையில் போன வாரம் அடித்த நீளமான கட்டளையைத் திரும்ப அடித்துச் சாகாதே, கன்ட்ரோலையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி அதில் ஒரு சொல்லைக் கொடு, தானாக வந்து நிற்கும். தினமும் அடிக்கிற கட்டளைக்கு ஒரு செல்லப்பேர் வைத்துக்கொள், நாலெழுத்தில் வேலை முடியும். அடித்த கட்டளைகள் எல்லாம் தேதியோடும் மணியோடும் பதிவாகிற மாதிரி ஒரு வரியைச் சேர்த்து வை, என்றைக்காவது உன்னைக் காப்பாற்றும். கான்ஃபிக் ஃபைலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பிரதி எடு, தொட்ட பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார். எல்லாச் சூளைக்குமான பொது ஃபைலில் கை வைக்காதே, எந்தச் சூளைக்கு வேண்டுமோ அதன் ஃபைலில் மட்டும் மாற்று. எச்சரிக்கை மெயில் வந்தால் அன்றைக்கே படி. இப்படியே போகும். ஒவ்வொன்றும் அவள் ஒரு தடவையாவது சூடுபட்டுக் கற்றது. ஃபைலின் தலையில் 'தொகுத்தவர்: உ. சந்திரலேகா' என்று போட்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வெற்றிவேல் வேலைக்குச் சேர்ந்தான். வயதில் இவளைவிட ஒரே ஒரு மாதம் இளையவன். ஆனாலும் வாய்க்கு வாய் அக்கா. அக்கா டீ சொல்லட்டுமா, அக்கா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில விட்டுடட்டுமா. சேர்ந்த முதல் வாரமே, "அக்கா, உங்க செட்டிங்ஸ அப்படியே குடுங்களேன், எனக்கும் அந்த ஷார்ட்கட்டெல்லாம் வேணும்" என்று வழிந்தான். இவளும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். குறிப்பு ஃபைலையும் சேர்த்தே கொடுத்தாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள். அது அவள் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

போன தை மாதம் சென்னையில் புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடுகிற ஒரு கூட்டம் நடந்தது. வெற்றிவேல் போய் மேடையேறி அறுபத்து மூன்று குறிப்புகள் என்று பேசிவிட்டு வந்தான். போட்டோ வந்தது, கைதட்டல் வீடியோ வந்தது. பழமலைநாதன் குளிர்ந்துபோய் அவனையே டீமுக்குத் தலைவனாக்கினார். அதைப் புத்தகமாக அச்சடித்து வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. அட்டையின் மாதிரி சந்திரலேகாவின் மேசைக்கு வந்தது. 'தொகுத்தவர்: வெற்றிவேல்.' உள்ளே ஒரு கமா கூட மாறவில்லை.

வயிறு எரியாதா? எரிந்தது. அவனிடம் போய்க் கேட்டாள். டிப்ஸ் என்றால் எல்லாருக்கும் பொதுதானே அக்கா, இன்டர்நெட்டில் இல்லாததா என்றான். கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை, படுபாவி. பழமலைநாதனிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை, சண்டை பிடிக்காதவர். யார் எழுதினால் என்னம்மா, கம்பெனிக்குத்தானே நல்ல பேர் என்று முடித்துவிட்டார். எழுதியது நான்தான் என்று நிரூபிக்க அவளிடம் என்ன இருக்கிறது? ஒரு ஃபைல். அதே ஃபைல் அவனிடமும் இருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது கொளஞ்சியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வுட்டுட்டு வந்துட்டியா?"

"வுடலம்மா. அந்தப் பொஸ்தவத்துல எம்பேரு வரணும். அதுவரைக்கும் வுட மாட்டேன்."

கறுவிக்கொண்டே ஒரு மாதம் போனது. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை, பழைய மாற்றம் ஒன்றைத் தேடிப் பதிவேட்டைத் திறந்தாள். கிட் என்று ஒன்று உண்டு. எந்த வரியை யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்று பேரோடு எழுதி வைக்கும். அதில் தன் பேரில் ஒரு மாற்றம் இருந்ததைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். அன்று அவள் வேலைக்கே வரவில்லை. திட்டக்குடியில் சித்தி மகள் வளைகாப்பில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

என்ன மாற்றம் என்று திறந்து பார்த்தாள், அது வெற்றிவேலிடம் கொடுத்திருந்த வேலை. பிறகு புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாத்ரூமுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். கிட் ஒருவரை எப்படி அடையாளம் தெரிந்துகொள்கிறது? அவரவர் மெஷினில் இருக்கும் செட்டிங்ஸ் ஃபைலின் முதல் இரண்டு வரியைப் பார்த்து. முதல் வரியில் பேர், இரண்டாவது வரியில் மெயில் முகவரி. இவள் கொடுத்த ஃபைலை அவன் அப்படியே ஒட்டிக்கொண்டான். அந்த இரண்டு வரியை மாற்றவேயில்லை. எடுத்ததும் மாற்று என்று நாற்பத்தொன்றாவது குறிப்பில் எழுதியிருக்கிறது. மேடையேறிப் பேசினானே, படித்துப் பார்த்திருந்தால்தானே? சேர்ந்த நாளிலிருந்து அவன் செய்த வேலை பூராவும் உ. சந்திரலேகாவின் பேரில் ஏறிக்கொண்டிருந்தது. சர்வருக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அங்கேயும் தடுக்க ஆளில்லை. பதிவேட்டைப் பார்க்க அவன் பயன்படுத்தியதும் இவள் செய்து கொடுத்த சுருக்குவழிதான். அது தேதியையும் மாற்றத்தையும் மட்டும் காட்டும், பேரைக் காட்டாது. தனியாக வேலை செய்த காலத்தில் பேர் எதற்கு என்று அவள் எடுத்துவிட்டிருந்தாள்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லியிருப்பாள். இவள் ஆறாம் வகுப்பிலேயே தாளைச் சாய்த்து வைத்தவள். சொல்லவில்லை. ஏறட்டும், இன்னும் ஏறட்டும், வருடக் கடைசியில் யார் என்ன செய்தார்கள் என்று சார் கணக்கெடுப்பார், அன்றைக்கு இவன் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். தன் மெஷினில் செய்ததைக் கழித்துவிட்டு, அவன் மெஷினிலிருந்து எத்தனை மாற்றம் தன் பேரில் ஏறியிருக்கிறது என்று எண்ணிச் சொல்ல ஒரு கட்டளை எழுதினாள். அதற்கு 'லட்டு' என்று செல்லப்பேர் வைத்தாள். திங்கட்கிழமை காலையில் வந்ததும் லட்டு என்று அடிப்பாள், ஒரு எண் வரும். நூற்றுப் பத்து. நூற்று முப்பத்தேழு. அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பாள். இனித்துக் கிடந்தது.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. யாராவது தப்பான எண்ணைப் போட்டால் சோதனை மெஷின் ஒன்று கண்டுபிடித்து எச்சரிக்கை மெயில் அனுப்பும். அதுவும் சந்திரலேகா அமைத்ததுதான். தடுத்து நிறுத்தாது, மெயில் மட்டும் போடும். நிறுத்துகிற மாதிரி செய்ய வேண்டும் என்று அடுத்த மாதம் அடுத்த மாதம் எனத் தள்ளிக்கொண்டே வந்தாள். அவன் செய்த தப்புக்கான மெயிலெல்லாம் இவளுக்கே வந்தன. முதலில் பேர் நம்முடையதாயிற்றே என்று சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தாள். ஆனி மாதம் ஒருநாள் வெற்றிவேல் எல்லார் முன்னாலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தான் எழுதியதில் இதுவரைக்கும் ஒரு எச்சரிக்கை மெயில் கூட வந்ததில்லை என்றும், சிலர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தச் சுத்தம் வராது என்றும் இவளைப் பார்த்தே சொன்னான். பழமலைநாதனும் தலையாட்டினார்.

அன்றோடு திருத்துவதை நிறுத்தினாள். உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள், நான் ஏன் துடைத்துவிட வேண்டும்? அவன் வேலைக்கு வரும் எச்சரிக்கைகள் எல்லாம் தானாக ஒரு மூலைக்குப் போகும்படி மெயிலில் ஏற்பாடு செய்துவிட்டு, திரும்பிக் கூடப் பார்க்காமல் இருந்தாள்.

கார்த்திகை வந்தது. கொளஞ்சியம்மாளும் இன்னும் பத்துப் பெண்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு ஷெட்டில் பீங்கான் விளக்கு செய்கிறவர்கள். மாவை அச்சில் அழுத்தி, ஓரத்தை ஈரத்துணியால் நீவி, காயவைத்து, எஸ்டேட்டில் பழமலைநாதன் கம்பெனி கம்ப்யூட்டர் மாட்டிய கோவிந்தராசு என்பவரின் சூளையை ஒரு சுற்றுக்கு வாடகைக்கு எடுத்து வேக வைப்பார்கள். இந்த வருடம் பெண்ணாடத்திலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் நாலாயிரம் விளக்கு கேட்டிருந்தார்கள். ஒன்றரை மாத உழைப்பு. கொளஞ்சியம்மாளின் கட்டைவிரல் ரேகை தேய்ந்து, ரேஷன் கடை மெஷினில் பதியாமல் இரண்டு தரம் திரும்பி வந்தாள்.

சூளையைத் திறந்தது ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. மேல் தட்டில் ஒன்றை எடுத்தார்கள். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கோடு. அடுத்ததிலும் கோடு. கையில் எடுத்ததும் சில இரண்டாகப் பிரிந்து விழுந்தன. நாலாயிரத்தில் தேறியது முந்நூறு இருக்கும். சூளை ஆறுவதில்தான் சூட்சுமம். அறுநூறு டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போது மெல்ல மெல்ல இறக்க வேண்டும், அவசரப்பட்டால் பீங்கானுக்குள் விரிசல் விட்டுவிடும். மணிக்கு ஐம்பது டிகிரி இறங்க வேண்டிய இடத்தில், குளிர்விக்கும் காற்றாடி முழுவேகத்தில் ஓடி நூற்றைம்பது இறக்கியிருந்தது. கோவிந்தராசு பழமலைநாதனுக்குப் போன் போட்டுக் கிழித்துவிட்டார்.

மதியம் பழமலைநாதன் பதிவேட்டிலிருந்து ஒரு தாளை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். ஐம்பதை நூற்றைம்பதாக்கிய மாற்றம். வேறு ஒரு சூளைக்காரர் சீக்கிரம் ஆற வேண்டும் என்று கேட்டதற்காக, அந்தச் சூளையின் ஃபைலில் செய்ய வேண்டியதை எல்லாருக்குமான பொது ஃபைலில் செய்திருக்கிறது ஒரு கை. பக்கத்தில் பேர்.

"உம்பேருதாம்மா இருக்குது," என்றார்.

வெற்றிவேல் பக்கத்திலேயே நின்றான். அக்கா வேணும்னே செய்திருக்க மாட்டார்கள், வீட்டில் ஏதாவது கவலை இருந்திருக்கும், பெரிசு பண்ண வேண்டாம் சார் என்று பரிந்து பேசினான். அவன் திட்டியிருந்தால் கூடப் பொறுத்திருப்பாள். அந்தப் பரிவு இருக்கிறதே, அதில்தான் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அம்மாவின் நாலாயிரம் விளக்கை உடைத்துவிட்டு எனக்கே மன்னிப்பு வாங்கித் தருகிறாயா? வருடக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே என்று தீர்மானித்தாள்.

"சார், அவன் லேப்டாப்ப இங்க கொண்டாரச் சொல்லுங்க."

லேப்டாப் வந்தது. கறுப்புத் திரையைத் திறந்து, அடித்த பழைய கட்டளைகளைக் காட்டு என்று கேட்டாள். இவள் கொடுத்த செட்டிங்ஸ் அல்லவா, ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் தேதியும் மணியும் பளிச்சென்று நின்றன. போன வியாழக்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. பொது ஃபைலைத் திறந்தது, மாற்றியது, பதிந்தது, மூன்றும் அவன் மெஷினில். பழமலைநாதன் தாளில் இருந்த நேரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். விநாடி கூட மாறவில்லை. பிறகு சந்திரலேகா அவன் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். முதல் வரியில் அவள் பேர்.

"எம்பேரு இவன் மிஷின்ல என்னா பண்ணுதுன்னு இவனையே கேளுங்க சார். ரெண்டு வருசமா இவன் செஞ்ச வேல எல்லாம் எம்பேர்லதான் இருக்குது. என் ஃபைல எடுத்தவன் அதக் கூட மாத்தல. அறுவத்து மூணு டிப்ஸு இவன் எழுதுனதுன்னா, நாப்பத்தொண்ணாவது என்னான்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

வெற்றிவேலுக்கு ஃபேன் காற்றிலும் வியர்த்தது. அவன் முகம் போன போக்கைச் சந்திரலேகா அவசரமில்லாமல் பார்த்தாள். எட்டு மாதம் காத்திருந்ததற்கு அது போதும் போலிருந்தது. பழமலைநாதன் புத்தகத்தின் மாதிரி அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து, வெற்றிவேலின் பேரைப் பேனாவால் அடித்து, மேலே அவள் பேரை எழுதினார். ஒரு வார்த்தை வருத்தமும் தெரிவித்தார். எது வேண்டுமென்று கறுவினாளோ அது கண்முன்னே நடந்தது.

பேனாவை மூடிய பழமலைநாதன் அதைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு சந்தேகம்மா. இந்த மாதிரி எண்ணு தப்பாப் போனா மெஷின் மெயில் போடுமில்ல? இவனுக்கு ஏன் வரல?"

"எனக்கு எப்பவுமே வந்ததில்ல சார்," என்றான் வெற்றிவேல். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். முதல் வரிக்குக் கீழே இரண்டாவது வரி இருந்தது. அதில் அவள் மெயில் முகவரி.

கோபத்தில் அவள் இதை மறந்தே போயிருந்தாள். எங்கேயோ தவறிப்போயிருக்கும் சார் என்று சொல்லிவிடலாம், அவர் நம்பியும் விடுவார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெற்றிவேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனைப் போலப் பேச இவளுக்கு வரவில்லை. தன் லேப்டாப்பைத் திறந்து அந்த மூலையைக் காட்டினாள். படிக்காத மெயில் நாற்பத்து நான்கு. எல்லாவற்றுக்கும் மேலே போன வியாழக்கிழமை வந்தது. 'எச்சரிக்கை: பொது ஃபைலில் குளிரும் வேகம் வரம்பை மீறுகிறது.' சூளையை ஓடவிட்டது அதற்கு நாலு நாள் கழித்து.

"பாக்கலியாம்மா?"

"பாக்கக் கூடாதுன்னுதான் சார் ஒதுக்கி வச்சேன்."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். பங்குனியிலிருந்து என்றாள். அவர் திட்டவில்லை. வெற்றிவேலை இனி தலைவனாக வைத்திருக்க முடியாது என்றார். புத்தகத்தில் உன் பேர்தான் வரும், அதில் மாற்றமில்லை என்றும் சொன்னார். அட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கோவிந்தராசுவைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கொளஞ்சியம்மாள் விரிசல் விட்ட விளக்குகளைச் சாக்கில் கொட்டி ஓரமாக வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. மகளைப் பார்த்ததும் முதல் கேள்வி, யார் செய்த வேலை என்று தெரிந்ததா. வெற்றிவேல் என்று சொன்னாள். லேப்டாப்பைத் திறந்து காட்டியதையும், அவன் வியர்த்து நின்றதையும், சார் பேரை அடித்து எழுதியதையும் சொன்னாள். அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொளஞ்சியம்மாள் தேய்ந்த விரலால் மகள் பேரைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. பாவி நாசமாப் போவட்டும் என்று ஒரு மூச்சு சபித்துவிட்டு, எழுந்து போய்க் கல்லைக் காயவைத்தாள். நீ சாப்பிட்டிருக்க மாட்ட என்று மாவைக் கரண்டியில் அள்ளி ஊற்றினாள்.

இத்தோடு சந்திரலேகா வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிந்திருக்காது. கல்லில் சுர்ரென்று சத்தம் கேட்டதும் அவளால் முடியவில்லை.

"அம்மா, எண்ணு தப்புன்னு முன்னாடியே ஒரு மெயில் வந்துச்சி."

"யாருக்கு?"

"எனக்கு. அவன் மாட்டட்டும்னு நான் அதத் தொறந்து பாக்கல."

கொளஞ்சியம்மாள் திரும்பவில்லை. தோசையின் ஓரம் சிவந்து மேலே எழும்பியது. அதைத் திருப்பிப் போடுவதற்காக எடுத்த தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள்.

"காலையில பொம்பளைங்க எல்லாரும் ஷெட்டுல இருப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டு, சாக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அட்டை தரையில் கிடந்தது, தோசை கல்லிலேயே கிடந்தது.